அலமாரியில் தங்கிவிட்ட ஐந்து வட்டுகள்

மாதச் சந்தா கட்டினால் ஆயிரக்கணக்கான படங்கள் வீட்டுக்கே வந்துவிடும் காலத்தில், காசு கொடுத்து டிவிடி வாங்குகிறவரைப் பார்த்துச் சிலர் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். சந்தாவில் பார்க்கும் படம் நம்முடையதல்ல. உரிமம் முடிந்தால் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துவிடும். வட்டு நம் வீட்டிலேயே இருக்கும். இணையம் இல்லாத நாளிலும் ஓடும்.

அதற்காக எல்லாவற்றையும் வாங்கிக் குவிக்க வேண்டியதில்லை. என் அளவுகோல் ஒன்றுதான். இரண்டாம் முறை பார்க்கும்போது முதல் முறை கண்ணில் படாத ஏதாவது தெரிய வேண்டும். தெரிந்தால் வட்டு அலமாரிக்குப் போகும். இல்லையென்றால் கேட்பவருக்குக் கொடுத்துவிடுவேன். அப்படித் தங்கிவிட்டவற்றில் மூன்று படங்களையும் இரண்டு தொடர்களையும் பற்றி இங்கே சொல்கிறேன்.

தீயிலிருந்து மீண்ட படங்கள்

சத்யஜித் ராயின் 'பாதேர் பாஞ்சாலி' (1955), 'அபராஜிதோ' (1956), 'அபுர் சன்சார்' (1959) மூன்றும் அப்பு என்ற வங்காளச் சிறுவன் வளர்ந்து ஆளாகும் கதை. 1993இல் லண்டன் ஆய்வுக்கூடம் ஒன்றில் ஏற்பட்ட தீயில் இவற்றின் மூலச் சுருள்கள் கருகின. கருகியதைத் தூக்கி எறியாமல் பாதுகாத்து வைத்தார்கள். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு இத்தாலியின் பொலோன்யா நகர வல்லுநர்கள் அவற்றை ஊறவைத்து இளக்கி, ஓரங்களைக் கையாலேயே ஒட்டிச் சீர்செய்தார்கள். முதல் படத்தில் சுமார் 40 விழுக்காடும், இரண்டாம் படத்தில் 60 விழுக்காட்டுக்கு மேலும் அந்தக் கருகிய சுருள்களிலிருந்தே மீட்கப்பட்டன. மூன்றாவதன் மூலச் சுருள் தேறவில்லை. அதை வேறு நல்ல பிரதிகளிலிருந்து எடுத்தார்கள். 2015இல் மூன்றும் சேர்ந்து புளூரே பெட்டியாக வந்தன.

முதல் படம் மெதுவாகத்தான் நகரும். பிள்ளைகள் நெளிவார்கள். ஆனால் குளத்தில் விழும் முதல் மழைத்துளிகளையும் கிழவியின் முகச் சுருக்கங்களையும் இந்த வட்டில் பார்த்தவர், கோடு விழுந்த பழைய பிரதிக்குத் திரும்ப மாட்டார். எனக்கு மிகவும் பிடித்தது இரண்டாவது படம். கல்கத்தாவில் படிக்கும் மகன் விடுமுறைக்கு வரமாட்டானா என்று கிராமத்தில் காத்திருக்கும் தாய், தன் நோயைக்கூட அவனுக்கு எழுதாமல் மறைக்கிறாள். முதல் முறை மகனுக்காகப் பார்த்தேன், இரண்டாம் முறை அவளுக்காக. பிள்ளையை வெளியூர்ப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவிட்டு, கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெற்றோருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

பாலம் தெரிகிறது, நம்மவர் தெரியவில்லை

டேவிட் லீன் இயக்கிய 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' (1957) ஏழு ஆஸ்கர் விருதுகள் வாங்கிய படம். ஜப்பானியரிடம் பிடிபட்ட பிரிட்டிஷ் போர்க்கைதிகள் சயாம் காட்டில் ரயில் பாலம் கட்டுகிறார்கள். படமெடுத்ததோ இலங்கையின் கித்துல்கலயில், களனி ஆற்றங்கரையில். அலெக் கின்னஸ் நடித்த கர்னல், எதிரிக்காகக் கட்டும் பாலத்தையே தன் கௌரவமாக நினைக்கத் தொடங்குவதுதான் கதையின் முடிச்சு. திரைக்கதை எழுதிய இருவரும் ஹாலிவுட்டின் கறுப்புப் பட்டியலில் இருந்ததால், ஆங்கிலமே எழுதாத பிரெஞ்சு நாவலாசிரியருக்கு ஆஸ்கர் போனது தனிக் கதை. புளூரே வட்டில் அந்த அகன்ற திரை முழுமையாகக் கிடைக்கிறது. நல்ல படம், சந்தேகமில்லை.

ஆனால் இரண்டாம் முறை பார்க்கும்போது ஒரு கேள்வி எழுகிறது. இதில் தமிழர்கள் எங்கே? சுமார் 415 கிலோமீட்டர் நீளச் சயாம்–பர்மா பாதை 1943 அக்டோபரில் முடிந்தபோது, போர்க்கைதிகளைவிட ஆசியத் தொழிலாளர்களே பல மடங்கு அதிகமாக மாண்டிருந்தார்கள். அவர்களில் பல்லாயிரம் பேர் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட நம் மக்கள். போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. நம்மவர் பெரும்பாலோருக்கு அதுவும் இல்லை. படத்தைப் பார்த்த கையோடு ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலையோ அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' நாவலையோ படியுங்கள். படம் விட்ட இடத்தை அவை நிரப்பும். பிள்ளைகளோடு பார்த்தால், வட்டை நிறுத்திவைத்து இதைச் சொல்லிக் கொடுங்கள்.

பழைய டிவிடியே மேல்

அதே போரைப் பற்றிய தொலைக்காட்சித் தொடர் 'தி வேர்ல்ட் அட் வார்'. 1973இல் பிரிட்டனில் ஒளிபரப்பானது. 26 பகுதிகள். விவரணைக் குரல் லாரன்ஸ் ஒலிவியர். போரை நடத்தியவர்களும் அதில் அடிபட்டவர்களும் உயிரோடிருந்தபோதே எடுத்ததால், தளபதியும் சாதாரணச் சிப்பாயும் ஒரே திரையில் பேசுகிறார்கள். இன்று யார் நினைத்தாலும் இப்படி ஒரு தொடரை எடுக்க முடியாது. சிங்கப்பூர் வீழ்ச்சி வரும் 6ஆம் பகுதியையும் பர்மாப் போரைச் சொல்லும் 14ஆம் பகுதியையும் முதலில் பாருங்கள். தோட்டத்து மக்களின் குரல் இதிலும் இல்லை. ஆனால் அவர்கள் ஏன் அந்தக் காட்டுக்குப் போக நேர்ந்தது என்பது விளங்கும்.

ஓர் எச்சரிக்கை. 2010இல் வந்த சீரமைத்த பதிப்பில், இன்றைய அகலத் தொலைக்காட்சியை நிரப்புவதற்காகப் படத்தின் மேலும் கீழும் வெட்டிவிட்டார்கள். பழைய டிவிடியில் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை தெரியும். தெரிந்தால் என்ன? படம் முழுதாக இருக்கிறதே! புதியது என்பதற்காகவே மேலானது என்று நம்பிவிடக் கூடாது.

தாத்தாவும் பேரனும் சேர்ந்து பார்க்க

'மால்குடி டேஸ்' 1980களில் தூர்தர்ஷனுக்காகச் சங்கர் நாக் இயக்கிய தொடர். சென்னையில் பிறந்த ஆர்.கே. நாராயணின் கதைகள், அவர் தம்பி ஆர்.கே. லட்சுமணின் ஓவியங்கள், எல். வைத்தியநாதனின் இசை. படப்பிடிப்பு கர்நாடகத்தின் ஆகும்பே கிராமத்தில் நடந்தது. படத் தெளிவு இன்றைய கண்ணுக்குச் சுமார்தான். ஆனால் சுவாமி என்ற பையன் பள்ளிக்குப் போகாமலிருக்கச் சொல்லும் காரணங்களுக்கு வயது ஏறவில்லை. ஒரு கதை அரை மணி நேரத்துக்குள் முடிவதால் சாப்பாட்டு வேளைக்குப் பொருத்தம். முதலில் சிரிப்பு மட்டும் தெரியும். அடுத்த முறை பார்க்கும்போதுதான், அந்த வீட்டுப் பெரியவர்களும் பயந்தபடியே வாழ்கிறார்கள் என்பது தெரியும்.

நம் வீட்டுக் கதை

யாஸ்மின் அகமது இயக்கிய கடைசிப் படம் 'டேலண்டைம்' (2009). அது வெளிவந்த அதே ஆண்டு ஜூலையில் அவர் காலமானார். பள்ளி இசைப் போட்டிதான் களம். காது கேளாத தமிழ் இளைஞன் மகேசுக்கும் பியானோ வாசிக்கும் மெலூருக்கும் அன்பு மலர்கிறது. அந்த அன்பை ஏற்க முடியாமல் தவிக்கும் தாயை வில்லியாக்காமல் காட்டியிருப்பதுதான் படத்தின் பெருமை. மலாய், ஆங்கிலம், தமிழ், சீனம், சைகை மொழி என்று நம் நாடு பேசுவதுபோலவே படமும் பேசுகிறது. முடிவில், போட்டியாளனாகப் பொறாமைப்பட்ட சீன மாணவன் தன் எர்ஹூவை எடுத்துவந்து மலாய் மாணவனின் பாட்டுக்குத் துணையாக வாசிக்கிறான். ஒரு வசனமும் இல்லை. சில இடங்களில் உருக்கம் கொஞ்சம் கூடிப்போகிறது என்பதும் உண்மை. ஆனாலும் தமிழ்க் குடும்பத்தைக் கேலிப் பொருளாக்காத மலேசியப் படம் என்று கேட்டால், முதலில் இதைத்தான் எடுத்துக் கொடுப்பேன்.

வாங்கும் முன்

வட்டின் பின்னட்டையில் இருக்கும் வட்டார எண்ணைப் பாருங்கள். டிவிடியில் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் எண் 3, இந்தியாவுக்கு 5, அமெரிக்காவுக்கு 1, பிரிட்டனுக்கு 2. புளூரேயில் நாமும் அமெரிக்காவும் 'ஏ' வட்டாரம். எனவே அமெரிக்கப் பதிப்பு நம் கருவியில் ஓடும். பிரிட்டன் 'பி', இந்தியா 'சி'. பூட்டு இல்லாத வட்டுகளும் உண்டு, பூட்டுள்ளவை வேறு வட்டாரக் கருவியில் ஓடாது. நம் ஊர் ஈரப்பதத்தில் வட்டில் பூஞ்சை பிடிக்கும். பெட்டிகளை நிற்க வைத்து அடுக்குங்கள். துடைக்கும்போது சுற்றித் துடைக்காமல், மென்மையான துணியால் நடுவிலிருந்து ஓரம் நோக்கித் துடையுங்கள்.

ஐந்தில் ஒரு தமிழ்நாட்டுப் படம்கூட இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். படங்களுக்குக் குறையில்லை, வட்டுகளில்தான் குறை. பழைய தமிழ்ப் பட வட்டுகள் பலவற்றில் நிறுவன முத்திரை மூலையில் விடாமல் நிற்கிறது. பாட்டு ஒன்றிரண்டு காணாமல் போகிறது. நடிகரின் தலை பாதியில் வெட்டப்படுகிறது. தமிழ் படிக்காத பேரப்பிள்ளைக்காக வசன வரி போட்டால், பாடல் வந்தவுடன் வரி நின்றுவிடுகிறது. கண்ணதாசனை எப்படிப் புரியவைப்பது?

'கர்ணன்' (1964) படத்தைச் சீரமைத்து 2012இல் மறுபடி திரையிட்டபோது மக்கள் திரண்டு வந்தார்கள். ஆக, பார்க்க ஆள் இருக்கிறது. கருகிய வங்காளச் சுருளையே மீட்க முடிந்தது என்றால், கருகாமல் கிடக்கும் தமிழ்ச் சுருள்களையும் மீட்கலாம். அடுத்த முறை கடைக்குப் போகும்போது, நல்ல பதிப்பு வந்திருக்கிறதா என்று கேளுங்கள். கேட்கிற ஆள் இருந்தால்தான் செய்கிற ஆளும் வருவார்.