பழைய மரத்தொழில் இயந்திரங்களுக்குப் புத்துயிர்

மரத்தை அறுக்கவும் இழைக்கவும் கடையவும் பயன்படும் இயந்திரங்கள் 19ஆம் நூற்றாண்டில் பெரும்பாலும் தொழிற்சாலைகளுக்கே உரியனவாக இருந்தன. நீராவி எஞ்சின் ஒன்று கூரையோரம் நீண்டிருந்த தண்டைச் சுழற்றும். அத்தண்டிலிருந்து தோல்வார்கள் இறங்கிவந்து, கீழே உள்ள ஒவ்வோர் இயந்திரத்தையும் ஓட்டும். மின் மோட்டார் பரவிய பின்னர் தனித்து நிற்கும் சிறிய இயந்திரம் பெருக வழி பிறந்தது. அமெரிக்காவில் மில்வாக்கி நகரில் 1919ஆம் ஆண்டு ஹெர்பர்ட் டவுட்ஸ் தொடங்கிய டெல்டா நிறுவனம், வீட்டுப் பட்டறைக்கு ஏற்ற இயந்திரங்களைச் செய்து பெயர்பெற்றது. 1939இல் அது வெளியிட்ட 'யூனிசா' என்னும் மேசை ரம்பத்தில் மேசை அசையாது. உள்ளிருக்கும் ரம்பமே சாயும். அக்காலத்து யூனிசாக்களைத் தேடி வாங்கிச் செப்பனிட்டு ஓட்டுவோர் இன்றும் உளர்.

கடையில் புதியது கிடைக்கும்போது பழையதை நாடுவானேன்? விலை மலிவு என்பது ஒரு காரணம். அதனினும் பெரிய காரணம் வார்ப்பிரும்பு. இவ்விரும்பினுள் கரி, மெல்லிய செதில்களாகப் பரவிக் கிடக்கிறது. இயந்திரம் ஓடும்போது எழும் அதிர்வை அச்செதில்கள் விழுங்கிவிடுகின்றன; தகட்டை மடித்துச் செய்த உடலுக்கு இக்குணம் இல்லை. உடல் அதிராவிடில் வெட்டு வழவழப்பாக அமையும். மேலும், தேயக்கூடிய உறுப்புகளை மாற்றிக்கொண்டே போனால், உடல் பல தலைமுறை நிற்கும். பழைய இயந்திரங்கள் அப்படி மாற்றுவதற்கென்றே திருகாணிகளால் பூட்டப்பட்டவை.

வார்ப்பிரும்புக்குக் குறையும் உண்டு. அது வளையாது, உடையும். விரிசலைப் பற்றவைப்பது கைதேர்ந்தவருக்கும் கடினம். ஆகவே, வாங்கப் போகிறவர் துருவைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. விரிசலைக் கண்டுதான் அஞ்ச வேண்டும். சந்தையில் பானை வாங்குவோர் தட்டிப் பார்ப்பது போல, சிறு சுத்தியால் தட்டிப் பார்க்கலாம். நல்ல வார்ப்பு கணீரென ஒலிக்கும். விரிசல் விட்டது மந்தமாக ஒலிக்கும்.

துருவை நீக்க மின்னாற்பகுப்பு நல்ல வழி. ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் நீர் நிரப்பி, கேலனுக்கு ஒரு மேசைக்கரண்டி வீதம் சலவைச் சோடா கரைக்க வேண்டும். துருப்பிடித்த உறுப்பைப் பன்னிரண்டு வோல்ட் நேர்மின்சாரத்தின் எதிர்முனையிலும், வேண்டாத இரும்புத் துண்டு ஒன்றை நேர்முனையிலும் இணைத்து, ஒன்றையொன்று தொடாதபடி நீரில் தொங்கவிட வேண்டும். சில மணி நேரத்தில் துரு கருநிறத் தூளாகி உதிரும். நல்ல இரும்பு கரைவதில்லை. நேர்முனையில் துருவேறா எஃகை ஒருபோதும் வைத்தலாகாது. அதிலுள்ள குரோமியம் நச்சுப்பொருளாகி நீரில் கலந்துவிடும். ஹைட்ரஜன் வாயு வெளிப்படுவதால், இவ்வேலையைத் திறந்த வெளியில், நெருப்புக்கு எட்டாத இடத்தில் செய்க. அலுமினியமும் துத்தநாக வார்ப்பும் சோடா நீரில் அரிக்கப்படும். பழைய கைச்சக்கரங்களும் கப்பிகளும் பல துத்தநாகத்தால் ஆனவை என்பதை மறத்தலாகாது. பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். அதை உலர்ந்த நிலையில் தேய்த்துப் புழுதி கிளப்புவது தீங்கு.

அடுத்து பேரிங். 1930ஆம் ஆண்டுகளிலிருந்து செய்யப்பட்ட இயந்திரங்கள் பலவற்றில் குண்டு பேரிங்குகளே உள்ளன. இவற்றின் அளவுகள் உலகெங்கும் ஒருமைப்படுத்தப்பட்டவை. 6203 என்று குறியிட்ட பேரிங்கின் துளை 17 மில்லிமீட்டர், புறவிட்டம் 40, அகலம் 12. எந்நாட்டில் எவர் செய்தாலும் இவ்வளவுதான். பழையதைக் கழற்றி, அளந்து, அதே அளவுள்ளதை வாங்கிப் பொருத்தினால் போதும்.

அதற்கும் முற்பட்ட இயந்திரங்களில் இருப்பது 'பாபிட்' உலோகம். மாசசூசெட்ஸ் மாநிலத்து ஐசக் பாபிட் 1839இல் உரிமம் பெற்ற முறை இது. இக்கலவையின் ஒரு வகையில் நூற்றுக்குச் சுமார் 89 பங்கு வெள்ளீயம். எஞ்சியது ஆன்டிமனியும் செம்பும். மென்மையான உலோகத்தினுள் கடினமான சிறு மணிகள் பதிந்திருப்பது போன்றது இதன் அமைப்பு. மணிகள் தண்டைத் தாங்குகின்றன. மென்பகுதி, எண்ணெயோடு வரும் தூசியைத் தன்னுள் புதைத்துக்கொள்கிறது. தான் தேய்ந்து தண்டைத் தேயாமல் காப்பது இதன் சிறப்பு. தேய்ந்தால் உருக்கி எடுத்து, புதிதாக ஊற்றலாம்.

ஊற்றும் முறை பழைய கைவேலைதான். தண்டில் உலோகம் ஒட்டாதிருக்க மெழுகுவத்திப் புகைக்கரி பூசி, அதை அதன் இடத்தில் நேராக நிறுத்த வேண்டும். இடுக்குகளை அடைத்து, இரும்பு உடலையும் தண்டையும் முன்னதாகவே சூடேற்ற வேண்டும். உருகிய உலோகத்தில் ஒரு பைன் மரக் குச்சியைத் தோய்த்தால் அது பழுப்பாகக் கருக வேண்டும். தீப்பற்றினால் சூடு மிஞ்சிவிட்டது. ஈரம் ஒரு துளி இருந்தாலும் நீராவியாகி, உருகிய உலோகத்தை முகத்தில் வீசியடிக்கும். ஆறிய பின் சுரண்டிப் பொருத்தும்போது, ஓர் அங்குல விட்டமுள்ள தண்டுக்கு ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு இடைவெளி விடுவது வழக்கம். மூடிக்கும் அடிப்பகுதிக்கும் இடையே மெல்லிய தகடுகளை வைப்பார்கள். பின்னர் தேயத் தேய ஒவ்வொன்றாக உருவிக்கொள்ளலாம்.

இவ்வளவு பாடுபட்டும், பழையபடியே வைத்துக்கொள்ளக் கூடாத உறுப்பு ஒன்று உண்டு. பழைய இழைப்பு இயந்திரங்களின் வெட்டுத்தலை சதுரக் கட்டையாக இருந்தது. அதன் தட்டையான பக்கங்களுக்கும் மேசையின் விளிம்புக்கும் நடுவே பெரிய இடைவெளி திறந்து மூடும். கை தவறி விழுந்தால் விரல்கள் முழுதாக உள்ளே இழுக்கப்படும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த உருளைத் தலையில் கத்தியின் நுனி மட்டுமே சிறிது துருத்தி நிற்கும், இடைவெளியும் சிறிது. அதிலும் காயம் படும். ஆனால் கையே போவது அரிது. வரலாற்றுப் பொருள் என்று போற்றிச் சதுரத் தலையை மீண்டும் ஓட்டுவோர் சிலர் உளர். அதைக் காட்சிக்கு வைக்கலாம், ஓட்டுதல் தகாது. உருளைத் தலை பொருத்த இயலாத இயந்திரத்தை வாங்காமல் விடுவதே நன்று.

இறுதியாக மின்சாரம். தொழிற்சாலையிலிருந்து வரும் இயந்திரத்துக்கு மும்முனை மின்சாரம் வேண்டும்; வீட்டில் உள்ளதோ பெரும்பாலும் ஒருமுனை. அதிர்வெண் மாற்றும் கருவி ஒருமுனையை மும்முனையாக்கித் தரும். மோட்டாரின் உள்ளிணைப்பை 400 வோல்ட்டுக்குரிய விண்மீன் வடிவிலிருந்து 230 வோல்ட்டுக்குரிய முக்கோண வடிவுக்கு மாற்ற இயலுமா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மின்சாரத்தின் அதிர்வெண் 50, அமெரிக்காவில் 60. ஆதலால் அமெரிக்க மோட்டாரை இங்கு நேரே இணைத்தால், நிமிடத்துக்கு 1,725 சுற்று ஓடவேண்டியது ஏறக்குறைய 1,440 சுற்றே ஓடும், மோட்டாரும் சூடேறும். 50க்கென்றே செய்யப்பட்ட மோட்டாரை மாற்றிப் பொருத்தி, கப்பியின் அளவைக் கூட்டிக் குறைத்து வேகத்தைச் சரிசெய்வதே இங்குள்ளோருக்கு எளிய வழி.