குளிரும் குடியிருப்பும் – 9: தரைக்கு அடியில் ஓடும் நெருப்பு

சென்ற இதழில் விவரிக்கப்பட்ட ரஷ்யச் செங்கல் அடுப்பு அறையின் ஒரு பகுதியை அடைத்துக்கொண்டு நிற்பது. கொரியாவின் மரபான வெப்பமூட்டும் அமைப்பாகிய ஒண்டோலோ அறையின் தரையையே அடுப்பாக மாற்றிவிடுகிறது. அறையைவிடத் தாழ்ந்த மட்டத்திலுள்ள சமையற்கட்டில் சோறு வேகும்போது எழும் சூடான புகை, தரைக்கடியில் அமைந்த புகைவழிகளுக்குள் இழுக்கப்பட்டு, அவற்றை மூடியிருக்கும் கற்பலகைகளைச் சூடாக்கியபடி மறுகோடிக்குச் சென்று, வீட்டுக்கு வெளியேயுள்ள புகைபோக்கி வழியே வெளியேறும். பலகைகளின்மேல் களிமண் பூசி, அதன்மேல் எண்ணெய் ஊட்டிய தடித்த காகிதத்தை ஒட்டிவிடுவார்கள். கல் மெல்லச் சூடேறி மெல்லவே ஆறுவதால், மாலையில் எரித்த விறகின் வெப்பம் விடியும்வரை தாங்கும்.

வீட்டு வாழ்க்கை முழுவதும் இந்தத் தரையைச் சார்ந்தே அமைந்தது. மக்கள் தரையில் அமர்ந்து உண்டனர், மெத்தை விரித்து உறங்கினர், காலணியுடன் ஒருபோதும் அறைக்குள் நுழையவில்லை. அடுப்பை ஒட்டிய சூடான பகுதி முதியோருக்கும் விருந்தினருக்கும் உரியதாக இருந்தது. நேரங்கழித்து வீடு திரும்புவோருக்கான சோற்றுக் கிண்ணமும் அங்கேதான் போர்வைக்கடியில் வைக்கப்படும்.

இந்த அமைப்பின் பெருங்குறை அதன் விறகுப் பசி. காடுகள் அழிந்து மலைகள் மொட்டையாகியிருந்த நிலையில், 1950–53 போருக்குப் பிந்தைய தென்கொரியா ‘யோன்டான்’ எனப்படும் நிலக்கரிக்கட்டிக்கு மாறியது. அனல்மிகு நிலக்கரியின் தூளை அழுத்தி உருளையாக்கி, காற்றுப் புகுவதற்காக மேலிருந்து கீழாகத் துளைகள் இட்ட அந்தக் கட்டி ஏறத்தாழ மூன்றரைக் கிலோ எடையுள்ளது. மலிவானது, மணிக்கணக்கில் எரியக்கூடியது. மலைகள் மீண்டும் பசுமை பெற்றதில், மரம் நடும் திட்டங்களோடு இந்தக் கரிய கட்டிக்கும் உரிய பங்கை மறுப்பதற்கில்லை.

ஆனால் எரிபொருள் மாறியபோது புகைவழி மாறவில்லை. விறகுப் புகை கண்ணை எரித்து, இருமலை வருவித்துத் தன் வரவை அறிவித்துவிடும். குறைந்த காற்றில் கனலும் நிலக்கரி வெளியிடும் கார்பன் மோனாக்சைடுக்கோ நிறமுமில்லை, மணமுமில்லை. குருதியில் ஆக்சிஜனைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபினோடு அவ்வாயு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான வலிமையுடன் பிணைந்துகொள்வதால், உறங்குபவர் விழிக்காமலே உயிர் இழக்க நேரும். கட்டி நெடுநேரம் நீடிக்கவேண்டுமென்று அடுப்பின் காற்றுத்துளையைக் குறுக்கினால் நச்சுவாயுவின் அளவு கூடும் என்பதால், சிக்கனமே ஆபத்தை வளர்த்தது. களிமண்ணில் ஒரு விரிசல், காகித ஓரத்தில் ஒரு கிழிசல் போதும், வாயு நேரே மெத்தையருகில் கசிந்துவிடும். பழுதுபார்க்கப்படாத வாடகை அறைகளில் வாழ்ந்த ஏழைகளே இதற்கு மிகுதியாக இரையாயினர் என்பது இவ்வரலாற்றின் மிகக் கொடிய பகுதி. மயங்கியவர்களுக்கு முள்ளங்கி ஊறுகாய்நீரைப் புகட்டும் வழக்கம் பரவலாக இருந்தாலும், உண்மையான சிகிச்சை தூய காற்றும் ஆக்சிஜனுமே.

புகையைத் தரைக்கடியிலிருந்து அகற்றி, அதனிடத்தில் வெந்நீரை ஓடவிட்டதே தீர்வாயிற்று. அடுக்குமாடிகளில் ஒவ்வொரு தளத்துக்கடியிலும் நெருப்பை ஓடவிட இயலாது. சுவரோரம் நிற்கும் ரேடியேட்டர்களோ தரையில் உறங்கிப் பழகியவர்களுக்கு நிறைவளிக்கவில்லை. ஆகவே காங்கிரீட்டுக்குள் குழாய்களைப் பதித்து, தனியிடத்தில் எரியும் பாய்லரிலிருந்து வெந்நீரைச் சுழலவிடும் முறை வேரூன்றியது. 1986இல் திரவ இயற்கை எரிவாயு இறக்குமதி தொடங்கியபின் நகர வீடுகளிலிருந்து நிலக்கரிக்கட்டி வேகமாக விலகியது.

ஒண்டோல் பண்பாடு தேசிய மரபுச் செல்வமாக அறிவிக்கப்பட்ட 2018ஆம் ஆண்டின் டிசம்பரிலேயே, காங்னுங் நகர விடுதி ஒன்றில் பாய்லரின் புகைக்குழாய் இணைப்பு விலகியிருந்ததால் பள்ளி மாணவர் மூவர் நச்சுவாயுவுக்குப் பலியாயினர். அதற்குப் பிறகே எரிவாயு பாய்லர்களுக்கு கார்பன் மோனாக்சைடுக் கசிவை உணர்த்தும் எச்சரிக்கைக் கருவியைக் கட்டாயமாக்கும் விதிகள் வந்தன. இன்றும் சியோலின் மேட்டுப்புறக் குடியிருப்புகளில் சில முதியோர் நிலக்கரிக்கட்டியையே நம்பியிருக்கின்றனர். குளிர்காலத்தில் தொண்டர்கள் வரிசையாக நின்று கைமாற்றிக் கட்டிகளை அவ்வீடுகளுக்கு ஏற்றிக் கொடுக்கின்றனர். அந்த எச்சரிக்கைக் கருவி முதலில் ஒலிக்கவேண்டிய இடங்களும் அவ்வீடுகளே.