எட்டுக் கோப்பைத் தேநீரும் இடைநிலைப் புள்ளியியலும்

முதலாண்டில் புள்ளியியல் படித்தவர்களைக் கேட்டால் சராசரி, திட்ட விலக்கம், நிகழ்தகவு என்று தயங்காமல் சொல்வார்கள். அடுத்த படிக்குப் போனதும் டி-டெஸ்ட், அனோவா, கை-ஸ்கொயர், ரெக்ரஷன் என்று பெயர்கள் வரிசைகட்டி வந்து நிற்கும். உளவியலோ, நர்சிங்கோ, எம்.பி.ஏ.வோ, வேளாண்மையோ, எதில் ஆய்வேடு எழுதப் போனாலும் இந்த வாசலைத் தாண்டாமல் முடியாது. ‘எனக்குக் கணக்கு வராது’ என்று சொல்லிக்கொண்டே வந்தவர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும் இடம் இது.

அவர்களுக்கென்றே எழுதிய வழிகாட்டி நூல்கள் இருக்கின்றன. மஞ்சளும் கறுப்புமான அட்டையோடு வரும் டம்மீஸ் வரிசையில், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் கற்பித்த டெபோரா ரம்சி எழுதிய இரண்டாம் நிலைப் புத்தகம் அவற்றில் ஒன்று. இந்த மாதிரிப் புத்தகத்தைக் கையில் வைத்திருப்பதைக் கௌரவக் குறைவாக நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எந்தக் கேள்விக்கு எந்தச் சோதனை, கம்ப்யூட்டர் கொட்டும் அட்டவணையில் எந்த எண்ணைப் பார்க்க வேண்டும், அந்த எண் என்ன சொல்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தருவது போல அவை சொல்கின்றன. தேற்றத்தில் ஆரம்பித்துத் தேற்றத்தில் முடியும் பாடநூல்கள் பலவற்றில் இது கிடைக்காது.

ஆனால் அந்தப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன் ஒன்றை மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். சோதனைகளின் பெயர்தான் பல, அடியில் இருக்கும் கேள்வி ஒன்றே: என் கண்ணில் படும் இந்த வேறுபாடு வெறும் தற்செயலாக வந்திருக்கக்கூடுமா? டீ சொல்லியிருக்கிறது. அது வருவதற்குள் இதை ஒரு டீக் கதையை வைத்தே பார்த்துவிடலாம்.

இங்கிலாந்தில் ஹார்ப்பெண்டன் என்ற ஊரில் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையம் இருக்கிறது. 1843-இல் தொடங்கியது. சேர்ந்துபோன பயிர்க் கணக்குகளை ஆராய்வதற்காக ரொனால்ட் ஃபிஷர் என்ற இளைஞர் 1919-இல் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். ஒருநாள் மாலைத் தேநீர் வேளையில், பாசிகளை ஆராயும் மியூரியல் பிரிஸ்டல் என்ற பெண்மணிக்கு ஃபிஷர் கோப்பையை நீட்ட, அந்தப் பெண்மணி வேண்டாம் என்றாராம். கோப்பையில் முதலில் பாலை ஊற்றி அதன்மேல் டிகாக்‌ஷன் ஊற்றினால்தான் தனக்குப் பிடிக்கும், எது முதலில் விழுந்தது என்பதைக் குடித்தே சொல்லிவிடுவேன் என்றாராம். அங்கேயே சோதித்துப் பார்த்தார்கள் என்பது கதை. 1935-இல் சோதனைகளை வடிவமைப்பது பற்றி ஃபிஷர் எழுதிய நூலில், பெண்மணியின் பெயர் இல்லாமல், இந்தத் தேநீர்ச் சோதனைக்காகவே ஓர் அத்தியாயம் இருக்கிறது.

எட்டுக் கோப்பைகள். நான்கில் பால் முதலில், நான்கில் தேநீர் முதலில். வரிசையைக் குலுக்கல் முறையில் கலைத்துவிட்டு நீட்ட வேண்டும். பால் முதலில் ஊற்றிய நான்கு எவை என்று அவர் பிரித்துக் காட்ட வேண்டும்.

இப்போது எதிர்க்கட்சி வக்கீல் போல யோசியுங்கள். அந்த அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது, குத்துமதிப்பாகத்தான் நான்கை எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இப்படி வைத்துக்கொள்வதற்குப் பெயர்தான் இன்மைக் கருதுகோள். முதல் கோப்பையை எட்டு விதமாக எடுக்கலாம், அடுத்ததை ஏழு, பிறகு ஆறு, பிறகு ஐந்து. பெருக்கினால் 1680. எடுத்த வரிசை முக்கியமில்லை, அதே நான்கு கோப்பைகளை 24 வரிசைகளில் எடுத்திருக்கலாம் என்பதால் 24-ஆல் வகுத்தால் 70. ஆக, எட்டில் நான்கைப் பிரிக்க 70 வழிகள், அவற்றில் முழுக்கச் சரியானது ஒன்றே ஒன்று. ஒன்றும் தெரியாதவர் நான்கையும் சரியாகச் சொல்லிவிட வாய்ப்பு எழுபதில் ஒன்று, அதாவது 1.4 சதவீதம். இந்த 1.4 சதவீதம்தான் பி-மதிப்பு. இதற்குள் வேறு மர்மம் எதுவும் இல்லை.

சரி, மூன்று சரி, ஒன்று தவறு என்று வந்தால்? சரியான நான்கில் மூன்றை நான்கு விதமாகவும், தவறான நான்கில் ஒன்றை நான்கு விதமாகவும் எடுக்கலாம். 16 வழிகள். முழுக்கச் சரியான ஒன்றையும் சேர்த்தால் எழுபதில் 17, அதாவது 24 சதவீதம். ஒன்றும் தெரியாதவர்களில் நாலில் ஒருவர் இந்த அளவுக்குச் சொல்லிவிடுவார் என்றால், அதை வைத்து யாருக்கும் திறமைச் சான்றிதழ் தர முடியாது.

இங்கே கொஞ்சம் நிதானியுங்கள், ஏனென்றால் பலர் கவனிக்காமல் தாண்டிவிடும் இடம் இது. அந்த அம்மாவுக்கு உண்மையிலேயே நாக்கு நுட்பம் இருக்கிறது, ஆனால் எப்போதாவது ஒன்று தவறிவிடும் என்று வையுங்கள். எட்டுக் கோப்பைச் சோதனையில் அவர் தோற்றுப்போவார். தோற்றது அவருடைய திறமையா, நம்முடைய சோதனையா? பன்னிரண்டு கோப்பைகள் வைத்தால் பிரிக்கும் வழிகள் 924. ஒன்று மாறிப்போனாலும் பரவாயில்லை என்றால் 37 வழிகள், 4 சதவீதம். அதே ஒரு தவறு இப்போது மன்னிக்கப்படுகிறது. சோதனையின் திறன் என்று புத்தகத்தில் வருவது இதுதான். ‘வேறுபாடு எதுவும் தென்படவில்லை’ என்று ஓர் ஆய்வு சொன்னால், வேறுபாடே இல்லை என்று அர்த்தம் ஆகாது. கோப்பைகள் போதாமலும் இருந்திருக்கலாம்.

இருபதில் ஒன்று, அதாவது 5 சதவீதம் என்ற எல்லைக்கோடும் வானத்திலிருந்து விழுந்ததல்ல. ஃபிஷர் 1925-இல் எழுதிய நூலில் வசதியான அளவு என்று அதைச் சொன்னார். பழக்கத்தில் அது சட்டமாகிவிட்டது. 4.9 வந்தால் கொண்டாட்டம், 5.1 வந்தால் துக்கம் என்று ஆய்வு மாணவர்கள் படும் பாட்டைப் பார்த்தால் மனம் வேதனைப்படுகிறது. பி-மதிப்பு என்பது கருதுகோள் உண்மையாக இருப்பதற்கான வாய்ப்பு அல்ல என்று அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016-இல் அறிக்கையே வெளியிட வேண்டி வந்தது. மறுபடியும் தேநீருக்கு வந்து பாருங்கள். ஒன்றும் தெரியாதவருக்கு இந்த முடிவு வர எவ்வளவு வாய்ப்பு என்பதைத்தான் கணக்கிட்டோம். அவருக்கு ஒன்றும் தெரியாமல் இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பதை நாம் கணக்கிடவே இல்லை.

டி-டெஸ்ட்டும் இதே பாதைதான். டப்ளின் நகரில் கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்த வில்லியம் காசெட்டுக்குக் கிடைத்த மாதிரிகள் மிகச் சில. அந்தச் சிலவற்றை வைத்து எவ்வளவு தூரம் நம்பிப் பேசலாம் என்பதை 1908-இல் ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில் எழுதினார். இரண்டு சராசரிகளின் வேறுபாட்டை அதன் திட்டப்பிழையால் வகுப்பதுதான் டி. இந்தத் திட்டப்பிழையை மட்டும் அவசரப்பட்டுத் தாண்ட வேண்டாம். 36 பேர் மதிப்பெண்களின் திட்ட விலக்கம் 12 என்றால், 36-இன் வர்க்கமூலம் 6, ஆகவே சராசரியின் திட்டப்பிழை 2. அதை 1 ஆக்க 72 பேர் போதாது, 144 பேர் வேண்டும். துல்லியத்தை இரட்டிப்பாக்க உழைப்பை நான்கு மடங்காக்க வேண்டும். களத்துக்குப் போய்ப் படிவம் நிரப்பும் எந்த மாணவரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு இது.

இரண்டு குழுவுக்கு டி-டெஸ்ட் என்றால், ஐந்தாறு குழுக்களை இரண்டிரண்டாக ஒப்பிட்டுக்கொண்டே போகலாமே என்று தோன்றும். போகக் கூடாது. ஒவ்வொரு சோதனையிலும் ஏமாற 5 சதவீத வாய்ப்பு என்றால், ஒன்றையொன்று சாராத இருபது சோதனைகளில் ஒரு முறையாவது ஏமாற 64 சதவீத வாய்ப்பு. அதனால்தான் அனோவா. குழுக்களுக்கு இடையே உள்ள சிதறலைக் குழுக்களுக்குள் உள்ள சிதறலோடு ஒரே தடவையில் ஒப்பிடுகிறது. ஃபிஷர் அதை உருவாக்கியது ரோதம்ஸ்டெட் வயல்களுக்காகத்தான். எந்த உரத்துக்கு விளைச்சல் அதிகம், எது வெறும் மண்ணின் குணம் என்று பிரிக்க வேண்டியிருந்தது.

ரெக்ரஷனுக்குப் பெயர் வைத்தவர் ஃபிரான்சிஸ் கால்டன். 1886-இல் 205 பெற்றோர் இணைகளின் உயரத்தையும் வளர்ந்துவிட்ட அவர்களுடைய 928 பிள்ளைகளின் உயரத்தையும் எடுத்துப் பார்த்தார். பெற்றோர் சராசரியைவிட மூன்று அங்குலம் உயரம் என்றால், பிள்ளைகள் சராசரியாக இரண்டு அங்குலம்தான் உயரம். பெற்றோர் உயரத்தை வைத்துப் பிள்ளைகள் உயரத்தைக் கணிக்க ஒரு கோடு வரைந்தால், அந்த மூன்றில் இரண்டுதான் கோட்டின் சாய்வு. பல காரணிகளை ஒன்றாகச் சேர்க்கும்போது சாய்வின் அர்த்தம் மாறும், அதைக் கவனித்துப் படியுங்கள். பள்ளிப் பிள்ளைகளில் செருப்பு அளவு பெரிதாக இருப்பவர்கள் நன்றாக வாசிப்பார்கள். வயதையும் கணக்கில் சேர்த்துவிட்டால் செருப்புக்கு வேலையே இருக்காது. மற்றவை மாறாமல் இருந்தால் என்ற நிபந்தனைக்கு அவ்வளவு பலம்.

கை-ஸ்கொயர் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எதிர்பார்த்த எண்ணிக்கைக்கும் வந்த எண்ணிக்கைக்கும் உள்ள தூரம், அவ்வளவுதான்.

வழிகாட்டிப் புத்தகத்தில் ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் நிபந்தனைகள் என்று ஒரு பகுதி இருக்கும். அதைத் தாண்டிச் சூத்திரத்துக்கு ஓடாதீர்கள். தரவு ஒன்றையொன்று சாராததா, குழுக்களின் சிதறல் ஏறக்குறைய ஒன்றா என்று பார்க்காமல் போட்ட கணக்கு எவ்வளவு அழகாக அச்சானாலும் செல்லாது. புத்தகத்தின் பழைய பதிப்பு கிடைத்தாலும் தயங்காமல் வாங்குங்கள், சூத்திரங்கள் மாறவில்லை.

கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன் அனோவா ஒன்றைக் கையால் போட்டுவிடுங்கள். முதல் குழுவில் 4, 5, 6. இரண்டாவதில் 6, 7, 8. மூன்றாவதில் 8, 9, 10. சராசரிகள் 5, 7, 9, மொத்தச் சராசரி 7. மூன்று சராசரிகளும் 7-இலிருந்து விலகும் தூரங்களின் வர்க்கத்தைக் கூட்டி, குழுவுக்கு மூன்று பேர் என்பதால் மூன்றால் பெருக்கி, இரண்டால் வகுங்கள். ஒவ்வோர் எண்ணும் தன் குழுச் சராசரியிலிருந்து விலகும் தூரங்களின் வர்க்கத்தைக் கூட்டி ஆறால் வகுங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் உங்களுக்கு 12 வர வேண்டும். 5 சதவீத எல்லைக்கு அட்டவணையில் இருப்பது 5.14.