அறைக்குள் சைக்கிள்: முதல் போடுமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

காலை எட்டுக்குக் கடை திறந்து இரவு பத்துக்கு அடைக்கும் நம்மவர்களுக்கு நடக்க நேரம் ஏது என்பது நியாயமான கேள்விதான். கல்லாவில் உட்கார்ந்தே பொழுது போகிறது. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் வாடகை தராத குடித்தனக்காரர்போல் உடம்பில் வந்து தங்கிவிடுகின்றன. பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். கடை அடைத்த பிறகு தெருவில் சைக்கிள் மிதிக்கலாம் என்றால் நாய்களும் லாரிகளும் விடுவதில்லை.

இந்நிலையில், வீட்டுக்குள் சைக்கிளை நிறுத்தி வைத்துத் திரையைப் பார்த்து மிதிக்கும் பயிற்சி பற்றி உறுப்பினர்கள் சிலர் விசாரித்தார்கள். எங்களில் மூவர் ஆறு வாரம் ஓட்டிப் பார்த்தோம். கண்டதையும் விசாரித்து அறிந்ததையும் இங்கே தருகிறோம்.

கருவிக்கு டிரெய்னர் என்று பெயர். சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் சங்கிலியை நேரே கருவியின் பல்சக்கரத்தில் மாட்டுவது ஒரு வகை. சக்கரத்தை உருளை மேல் அழுத்தி வைப்பது இன்னொரு வகை; இது விலை குறைவு, சத்தம் அதிகம். எந்த வகையானாலும் கியர் வைத்த சைக்கிள் இருந்தால்தான் வசதி. சரக்கு மூட்டை ஏற்றிப் போகும் பழைய கனமான சைக்கிள், சங்கிலி மாட்டும் கருவிகளில் பெரும்பாலும் பொருந்தாது. நாம் எவ்வளவு விசையோடு மிதிக்கிறோம் என்பதைக் கருவி அளந்து கைபேசிக்கோ கணினிக்கோ கம்பியில்லாமல் அனுப்புகிறது. அங்குள்ள செயலி திரையில் ஒரு சாலையைக் காட்டி, அதில் நம் உருவத்தை ஓட விடுகிறது. 2014-இல் சோதனை வடிவில் வந்த ஸ்விஃப்ட் (கார் அல்ல!) இவற்றில் பெயர் பெற்றது. வாட்டோப்பியா என்று இல்லாத ஒரு தீவையே அதற்காகப் படைத்திருக்கிறார்கள்.

படம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் சரக்கு அதில் இல்லை. நமக்குப் பயன்பட்டது, எவ்வளவு மிதிக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று கணக்குப் போட்டுத் தரும் பயிற்சித் திட்டம்தான். உடற்பயிற்சி சைக்கிள் வாங்கி மூன்றாம் மாதம் துணி காயப்போட்டவர்கள் நம் சங்கத்திலேயே உண்டு. அவர்கள் சோம்பேறிகள் அல்லர். இன்று மிதித்தது நேற்றைவிடக் கூடவா குறைவா என்று சொல்ல அந்த வண்டியில் ஏதும் இல்லை. பேரேடு இல்லாமல் கடை நடத்த முடியுமா?

கணக்கு வாட்டில் நடக்கிறது. பழைய மாதிரி மின்விசிறி ஒன்று சுமார் 75 வாட் இழுக்கும். அதே அளவைதான் காலுக்கும். முதலில் ஒரு சோதனை. நன்றாக உடம்பைச் சூடாக்கிக்கொண்டு, 20 நிமிடம் ஒரே சீராகத் தாங்கக்கூடிய உச்சபட்ச விசையில் மிதிக்க வேண்டும். அந்தச் சராசரியில் 95 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு மணி நேரம் போல் தாங்கும் விசையின் மதிப்பீடு அது. எங்களில் அரிசி மண்டி நடத்துபவருக்குச் சராசரி 126 வாட் வந்தது. அதில் 95 சதவீதம் ஏறக்குறைய 120. இதுதான் அவருடைய முதல். இனி எல்லாப் பயிற்சியும் இந்த எண்ணின் சதவீதமாகவே வரும். வயிற்றுப் பிள்ளையாகிய அவருக்கும், போட்டியில் ஓடும் இளைஞனுக்கும் ஒரே பாடத்திட்டம் பொருந்துவது இதனால்தான். ஆளுக்கேற்ப வாட் மாறும், சதவீதம் மாறாது.

அவர் ஓட்டிய ஒரு பயிற்சியைச் சொல்கிறோம். பத்து நிமிடம் 60 வாட்டில் தொடக்கம். பிறகு 108 வாட்டில், அதாவது 90 சதவீதத்தில், ஐந்து நிமிடம் வீதம் நான்கு முறை. ஒவ்வொன்றுக்கும் நடுவே மூன்று நிமிடம் மீண்டும் 60 வாட். கடைசியில் ஐந்து நிமிடம் தணிப்பு. மொத்தம் 44 நிமிடம். மூன்றாவது முறையின் நடுவில் போதும் என்று தோன்றும். இன்னும் இரண்டரை நிமிடம்தான் என்று திரை காட்டும்போது விட மனம் வருவதில்லை. இரண்டரை நிமிடம் யாராலும் பொறுக்க முடியும்.

கருவியில் எர்க் என்றொரு முறை இருக்கிறது. அதைப் போட்டால் 108 வாட் என்று சொன்ன இடத்தில் கருவியே இறுக்கத்தைக் கூட்டிக் குறைத்து நம்மை 108-லேயே வைக்கும். கியர் மாற்றும் வேலை இல்லை. இதில் ஒரு சூட்சுமம்: களைத்துப் போய் மெதுவாக மிதித்தால், வாட் குறையாமல் இருக்கக் கருவி இன்னும் இறுக்கும், இறுக இறுகக் கால் இன்னும் மெதுவாகும், கடைசியில் பெடல் நின்றே போகும். கடன் வட்டி குட்டி போடுவது போல. இறுக்கம் ஏறும் முன்பே கால் வேகத்தைக் கூட்டிக்கொள்வதுதான் வழி. முடியாவிட்டால் முறையை அணைத்துவிட்டு மூச்சு வாங்கலாம், தப்பில்லை.

எடை விஷயத்தில் நம்மவர்களுக்குச் சிரிப்பு வரும். திரையில் மேடு ஏறும் வேகம், நாம் பதிவு செய்த உடல் எடையைப் பொறுத்தது. எடையைக் குறைத்துச் சொன்னால் மலையில் பறக்கலாம். போட்டிகளில் இந்தக் கள்ளத் தராசு வேலை நடப்பதுண்டு. உலகச் சாம்பியன் போட்டியே இப்படி 2020 டிசம்பரில் நடந்தது. ஆண்களில் வென்ற ஜெர்மனியின் ஜேசன் ஆஸ்போர்ன் ஒரு படகுப் போட்டி வீரர். எர்க் முறைப் பயிற்சிக்கோ எடைப் பொய்யால் எந்த லாபமும் இல்லை, வாட் வாட்தான். உருளை வகைக் கருவியை மட்டும் பத்து நிமிடம் ஓட்டிச் சூடான பின் அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். தராசுக்கு முத்திரை வைப்பதுபோல் என்று கொள்க. இல்லாவிட்டால் போன வாரக் கணக்கும் இந்த வாரக் கணக்கும் ஒட்டாது.

மின்விசிறியில் சிக்கனம் கூடாது. உடல் செலவிடும் சக்தியில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான் பெடலுக்குப் போகிறது, மீதி வெப்பம். 120 வாட் மிதிப்பவர் 360 வாட் அளவுக்குச் சூட்டை வெளிவிடுகிறார். ரோட்டில் காற்று அதை அள்ளிக்கொண்டு போகும். மூடிய அறையில், அதுவும் சித்திரை வெயில் காலத்தில், போவதற்கு இடம் ஏது? பெரிய விசிறி, துண்டு, தண்ணீர் மூன்றும் கருவியோடு சேர்ந்த செலவு.

சோதனைக்கு முன் டாக்டரைப் பார்ப்பது கட்டாயம். உச்சபட்ச விசையில் 20 நிமிடம் என்பது இதயத்துக்கு விளையாட்டல்ல. நெஞ்சு வலி, அழுத்தம், சர்க்கரை உள்ளவர்கள் கேட்காமல் ஏறவே கூடாது. இன்சுலினும் சில வகைச் சர்க்கரை மாத்திரைகளும் எடுப்போருக்குப் பயிற்சியின்போதும் பிறகும் சர்க்கரை சட்டென இறங்கலாம். கைக்கெட்டும் இடத்தில் சர்க்கரையோ குளுக்கோசோ இருக்கட்டும். அழுத்தத்துக்குப் பீட்டா பிளாக்கர் சாப்பிடுவோருக்கு நாடித்துடிப்பு வழக்கம்போல் ஏறாது, எனவே நாடியை நம்பி மிதிக்கக் கூடாது.

இனிச் செலவு. நல்ல டிரெய்னர் பல பத்தாயிரம் ரூபாய். ஸ்விஃப்ட்டுக்கு 2024-இல் மாதச் சந்தா சுமார் 20 அமெரிக்க டாலராக உயர்ந்தது. ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் அட்டையிலிருந்து தானாகக் கழியும், மறக்க வேண்டாம். மைவூஷ் என்ற செயலிக்குச் சந்தா இல்லை; பயிற்சித் திட்டங்கள் அதிலும் உண்டு. எங்கள் யோசனை, மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரு கருவி வாங்கிக் குடோனில் ஓரிடத்தில் போடுவது. அவரவர் எண் அவரவர் கணக்கில் இருப்பதால் கலப்படம் ஆகாது. கருவியே வேண்டாம் என்போர் சாதாரண உடற்பயிற்சி சைக்கிளில், மேலே சொன்ன ஐந்து நிமிடம் மூன்று நிமிடக் கணக்கைக் கடிகாரம் பார்த்து ஓட்டலாம். ஐந்து நிமிடத்தில் ஓரிரு வார்த்தைக்கு மேல் பேச முடியாத அளவு, மூன்று நிமிடத்தில் தாராளமாகப் பேச முடிகிற அளவு என்று வைத்துக்கொண்டால் முக்கால் பங்குப் பலன் கைக்கு வரும்.

நேரம் பற்றி ஒரு சொல். இரவு பத்தரைக்கு ஓட்டிய இருவருக்கு உடனே தூக்கம் வரவில்லை; படுக்கப் போகுமுன் கடும் பயிற்சி செய்தால் சிலருக்கு அப்படி ஆகும். ஜவுளிக் கடைக்காரர் விடியற்காலை ஐந்தரைக்கு மாற்றிக்கொண்டார். தீபாவளி வியாபாரத்தில் இரண்டு வாரம் விட்டுப்போனால், விட்டதையெல்லாம் ஒரே வாரத்தில் ஈடுகட்டப் பார்க்க வேண்டாம். எண்ணை ஐந்து, பத்து சதவீதம் இறக்கி வைத்துத் தொடங்குங்கள். மாடி வீடானால் அடியில் கனமான ரப்பர் விரிப்புப் போடுங்கள். கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டமாட்டார்.