ஏழு மீட்டர்

தியாகராய நகர் உஸ்மான் ரோட்டில் கடைக்கும் கடைக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி தென்பட்டால் அது பாக்கியம்! ஆனால் 2008-ஆம் வருஷத்து இரண்டாவது மாஸ்டர் பிளானோ, உயர்ந்த அடுக்குமாடிகளைச் சுற்றி நாற்புறமும் குறைந்தது 7 மீட்டர் காலியிடம் விடவேண்டும் என்று விதித்தது. தீயணைக்கும் வண்டி சுற்றிவர வேண்டாமா? மோட்டார் நிறுத்தவும் தனி இடம் காட்டவேண்டும். வரைபடத்தில் எல்லாம் விடுகிறார்கள். செங்கல் அடுக்கும்போதுதான் பலருக்கு மறந்துவிடுகிறது.

மறதிக்குச் சர்க்காரே பரிகாரமும் கண்டது. நகரமைப்புச் சட்டத்தில் 1998-இல் 113-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, கட்டணம் செலுத்தினால் விதிமீறலை மன்னிக்கலாம் என்றது. இது ஒரே தடவைச் சலுகைதான் என்று 2006-இல் ஹைகோர்ட் கண்டித்தது. மறு வருஷமே இடிப்பை நிறுத்திவைக்க ஓர் அவசரச் சட்டம் பிறந்தது! பசுமைக்கும் இதே கதிதான். பெரிய மனைகளில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக விடவேண்டும். 10,000 சதுர மீட்டர் வரையில் நிலத்துக்குப் பதில் பணமாகவே கட்டிவிடலாம். பணத்தில் வேம்பு தழைக்குமோ?

2017 மே 31-ஆம் தேதி விடியுமுன் இதே ரோட்டில் ஏழு மாடி ஜவுளிக்கடை ஒன்று தீப்பற்றியது. ஒரு நாளுக்கு மேல் எரிந்து, கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்தது. கடை திறக்காத வேளை, தீபாவளிக் கூட்டமாயிருந்தால்? நினைக்கவே நெஞ்சு நடுங்குகிறது.

சென்ற தீபாவளிக்கு ஜவுளி வாங்கப் போனபோது, குழந்தைகளை உள்ளே அனுப்புமுன் பக்கச் சந்தை எட்டிப் பார்த்தோம். மோட்டார் சைக்கிள்கள் இரண்டு வரிசையாக நின்றன. அவற்றின்பின் அட்டைப் பெட்டிகள் ஆள் உயரம் அடுக்கியிருந்தன.