ஓவியரின் பேனாவும் ஆகாயப் பயணமும்

கட்டுநாயக்காவில் விமானம் ஏறும் ஓவிய மாணவன் ஒருவன், தோட்பையில் சித்திரப் புத்தகத்தையும் அதன் அருகே பாதி மை நிரம்பிய ஊற்றுப் பேனாவையும் வைத்துக்கொண்டு புறப்படுகிறான் என்று கொள்வோம். இறங்கியபின் பையைத் திறந்தால் உள்ளே கருநீலக் குளம். பையைக் கழுவிவிடலாம், மை ஊறிய பக்கங்களில் இருந்த ஒரு மாத உழைப்பை எந்தக் கடையிலும் வாங்க இயலாது. அவன் பேனாவை நொந்துகொள்வான். ஆனால் குற்றம் பேனாவினது அன்று, மையினதும் அன்று. மையோடு கூடக் குடியிருந்த காற்றே அதனைச் செய்தது.

கட்டுநாயக்கா கடல் மட்டத்தை ஒட்டிய இடம். அங்கே வளிமண்டலம் ஒவ்வொரு சதுர அங்குலத்தின்மீதும் ஏறக்குறைய 14.7 இறாத்தல் அளவில் அமுக்குகிறது. விமானம் 35,000 அடி உயரத்தில் பறக்கும்போது வெளியேயுள்ள காற்று மனிதன் சுவாசிக்கப் போதாது. ஆதலால் உள்ளே காற்றை அமுக்கி நிரப்புகிறார்கள். எனினும் கடல் மட்டத்து அமுக்கத்தை அப்படியே பேணுவதில்லை. பேணினால் விமானத்தின் உடல் தாங்கவேண்டிய பளு மிகுந்துவிடும். பொதுவாக 6,000 அடிக்கும் 8,000 அடிக்கும் இடைப்பட்ட மலையொன்றின் மேலுள்ள அமுக்கமே உள்ளே நிலவுகிறது. நுவரெலியா 6,128 அடி உயரம். பீதுருதாலகாலை உச்சி 8,281 அடி. பயணி இவ்விரண்டுக்கும் இடையில் எங்கோ அமர்ந்திருப்பவன் போலாகிறான். மலைநாட்டுப் புகைவண்டி பல மணி நேரம் ஊர்ந்து ஏறும் உயரத்தை விமானம் அரைமணி நேரத்துக்குள் ஏற்றிவிடுகிறது என்பதே வேறுபாடு.

அமுக்கம் குறைந்தால் வாயுவின் கனவளவு பெருகும் என்பதை றொபேட் போயில் 1662ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்தார். 8,000 அடி உயரத்தில் அமுக்கம் சுமார் 11 இறாத்தலாக இறங்குகிறது. காற்று மூன்றில் ஒரு பங்கு விரிகிறது. பேனாவில் ஒரு மில்லிலீற்றர் மை கொள்ளும் என்றும், அது பாதி தீர்ந்துள்ளது என்றும் வைத்துக்கொண்டால், மீதிப் பாதியில் இருக்கும் காற்று ஏறத்தாழ மூன்று துளி மையைப் பிடித்து வெளியே தள்ளப் போதுமானது. மூன்று துளி அற்பமெனத் தோன்றும். நனைந்த தாளைக் கண்டவர்கள் அவ்வாறு எண்ணமாட்டார்கள்.

இதனை அறிந்தபின் பரிகாரம் எளிது. பேனாவை முழுவதும் நிரப்பிக்கொள்ளவேண்டும், அல்லது முழுவதும் வெறுமையாக்கிக் கழுவிக்கொள்ளவேண்டும். நிரம்பிய பேனாவில் விரிவதற்குக் காற்று இல்லை. வெறும் பேனாவில் வெளியேறுவதற்கு மை இல்லை. பாதி நிலையே ஆபத்தானது. அடுத்து, முனை மேல் நோக்கியிருக்கவேண்டும். அப்பொழுது மை கீழே தங்க, காற்று முனையை அடுத்து நின்று, தான் விரியும்போது தானே வெளியேறிவிடும். முனை கீழ்நோக்கினால் காற்றுக்கு முன்னால் மை நிற்கிறது. காற்று போகவேண்டுமானால் மை முதலிற் போகவேண்டும். விமானம் ஏறிக்கொண்டிருக்கையில் மூடியைக் கழற்றாதிருப்பது நன்று. இறங்கும்போது காற்று உள்நோக்கிச் செல்வதால் அச்சம் குறைவு. நுண்கோடு வரையும் குழாய்முனைப் பேனாக்களுக்கும் இவ்விதியே பொருந்தும். குமிழ்முனைப் பேனாவின் மை தடித்தது. அதன் குழாய் பின்புறமும் திறந்திருப்பதால் இருபுறமும் அமுக்கம் சமமாகும். இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய ஆகாயப் படையினர் இப்பேனாவை நாடியதற்கு இதுவே காரணம்.

பெட்டியைப் பொதிக் கூடத்துக்கு அனுப்பிவிட்டால் தப்பலாம் என்று எண்ணுவோரும் உண்டு. பெரிய பயணிகள் விமானங்களில் பொதிக் கூடத்தின் அமுக்கமும் மேலே பயணிகள் இருக்குமிடத்தின் அமுக்கமும் ஒன்றே. ஆகவே மைப் புட்டியை எங்கே வைத்தாலும் இறுக மூடி, பிளாஸ்ரிக் உறையிலிட்டு, நிமிர்த்தி வைப்பதே வழி.

மை சிந்துவது ஒரு தொல்லை; சோதனை மேசை மற்றொன்று. 2006ஆம் ஆண்டிலே திரவ வெடிபொருட் சதியொன்று இலண்டனில் வெளிப்பட்டபின், கைப்பையிலுள்ள திரவங்கள் ஒவ்வொன்றும் 100 மில்லிலீற்றருக்கு மேற்படாத புட்டியில், ஒரு லீற்றர் கொள்ளும் தெளிந்த உறைக்குள் இருக்கவேண்டும் என்ற விதி பல நாடுகளிற் பரவியது. புதிய கருவிகள் பொருத்திய சில நிலையங்கள் அதனைத் தளர்த்தியுள்ளன. ஆனால் திரும்பி வரும் நிலையமும் தளர்த்தியிருக்கும் என்று நம்புவதற்கில்லை. குழாயில் அடைத்த நீர்வர்ணமும் திரவமாகவே கணிக்கப்படும். உலர்ந்த வில்லை வர்ணத்துக்கு அந்தத் தடை இல்லை. சீனரும் யப்பானியரும் புகைக்கரியையும் பசையையும் குழைத்துச் செய்த மைக்கட்டி, பல நூற்றாண்டுக்கு முற்பட்டதாயினும் விமானத்துக்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. போய்ச் சேர்ந்த இடத்தில் நீர்விட்டு உரைத்தால் மை தயார்.

தைலவர்ண ஓவியர் மாத்திரம் அதிக எச்சரிக்கை கொள்ளவேண்டும். வர்ணத்தை இளக்கும் தேப்பந்தைன் எண்ணெய் சுமார் 35 பாகை செல்சியசு வெப்பத்திலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை விடுகிறது. அதனைக் கைப்பையிலும் கொண்டுபோகலாகாது, பொதிக் கூடத்திலும் அனுப்பலாகாது. சென்ற ஊரிலே வாங்கிக்கொள்ளவேண்டியதுதான். கரிச் சித்திரம் அழியாதிருக்க விசிறும் தீப்பற்றும் மருந்துக்கும் அதே கதி. ஆனால் ஆளிவிதை எண்ணெயிற் குழைத்த வர்ணம் அத்தகையதன்று. அவ்வெண்ணெய் தீப்பற்ற 200 பாகைக்கு மேல் வேண்டும். அதிகாரியிடம் வெறுமனே 'பெயின்ற்' என்று சொன்னால் அவர் மனத்தில் கதவுக்குப் பூசும் வர்ணமே தோன்றும். குழாய்கள் குப்பைக்குப் போய்விடவும் கூடும். தாவர எண்ணெயிற் செய்த சித்திர வர்ணம் என்று கூறி, உற்பத்தியாளர் வெளியிடும் பாதுகாப்புக் குறிப்பின் பிரதியைக் காட்டினால் பெரும்பாலும் வழி கிடைக்கும். முடிவு அவருடையதே.

பென்சில் சீவும் கத்தி பெரிய பெட்டிக்குள் போகவேண்டும். ஆகையால் பென்சில்களை முதல் நாள் இரவே சீவி வைத்துக்கொள்வது வழக்கமறிந்த ஓவியரின் செயல். யன்னலுக்கு வெளியே மேகங்கள் வரையத்தக்க கோலத்தில் வந்து நிற்கும்போது, கத்தி பொதிக் கூடத்தில் இருக்கும்.