பொங்குமாங்கடலும் பச்சிரிசு அணிலும்

ஆனி மாதம். தென்காசியில் சாரல் பிடித்துவிட்டது. குற்றாலத்து ஐந்தருவிக்குப் போகலாம் என்று துண்டு, எண்ணெய், மாற்றுத்துணி எல்லாம் எடுத்துவைத்து அக்கா பிள்ளைகள் இருவரும் காலையிலேயே தயார். அதற்குள் தகவல் வந்துவிட்டது. மலையில் பலத்த மழை, அருவிகளில் வெள்ளம், குளிக்கத் தடை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திண்ணையில் போக்கிமான் கார்டுகளைப் பரப்பினார்கள். கொஞ்ச நேரத்தில் சண்டை வந்துவிட்டது.

"மாமா, நீங்களே சொல்லுங்க. நெருப்பு கக்குற என் சாரிசார்டுதான எல்லாத்துலயும் பெருசு?"

"போடா! என் ஆமை தண்ணிய பீச்சி அடிச்சா உன் நெருப்பு அணைஞ்சு போவும்."

"எது பெருசுன்னு மட்டும் கேட்டா எனக்குப் பதில் தெரியாது மாப்ள. எதுக்கு எதிர்ல பெருசுன்னு கேளு, சொல்லுதேன்" என்றேன்.

அன்று சாரல் விடவே இல்லை. எங்கள் பேச்சும் விடவில்லை. அந்தப் பேச்சை உங்களுக்கும் சொல்கிறேன்.

மேலும் இல்லை, கீழும் இல்லை

இந்தக் கார்டுகளுக்கு மூலமான போக்கிமான் வீடியோ கேம் ஜப்பானில் 1996 பிப்ரவரி 27 அன்று வெளியானது. அதை உருவாக்கிய சதோஷி தஜிரி, சிறுவயதில் பூச்சிகளைத் தேடிப் பிடித்துச் சேர்த்தவர். அந்த ஆசையைத்தான் வீடியோ கேம் ஆக்கினார். முதலில் 151 உயிரினங்கள் இருந்தன. இன்று ஆயிரத்துக்கும் மேல். ஒவ்வொன்றும் நெருப்பு, நீர், செடி, மின்சாரம், தரை என்று 18 வகைகளில் ஒன்றையோ இரண்டையோ சேர்ந்தது.

இதன் அடிப்படை மிக எளிது. நீர் நெருப்பை அணைக்கும். நெருப்பு செடியை எரிக்கும். செடி நீரைக் குடித்துவிடும். குற்றாலத்து மலையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த மூன்றாவது விதி புரியாமல் போகாது. மலைமேல் கொட்டும் மழையைக் காடு பிடித்துவைத்துக்கொண்டு, மெல்ல மெல்லத்தான் சிற்றாற்றுக்கு விடுகிறது.

இந்த மூன்றில் எது பெரியது? ஒன்றை மேலே வைத்தால் அதை அடிக்க இன்னொன்று காத்திருக்கிறது. ஏணிக்கு மேல்படி உண்டு. வட்டத்துக்கு மேலும் கிடையாது, கீழும் கிடையாது. இது ஒரு வட்டம்.

விளையாட்டுக்குள் இது பெருக்கல் கணக்காக நடக்கிறது. பொருத்தமான அடி விழுந்தால் சேதம் 2 மடங்கு. பொருந்தாத அடி என்றால் பாதி. சில அடிகளுக்குச் சேதமே இல்லை, 0. மின்சாரம் தரை வகையை ஒன்றுமே செய்யாது. வீட்டு மின் இணைப்பில் 'எர்த்' கம்பியைத் தரையில் புதைப்பதை நினைத்துப் பாருங்கள். தப்பி வரும் மின்சாரத்தைத் தரை வாங்கிக்கொள்கிறது. இரண்டு வகை கலந்த உயிரினம் என்றால் இரண்டு எண்களையும் பெருக்க வேண்டும். கியாரடோஸ் என்ற பயங்கரமான கடல் பாம்பு, நீரும் பறத்தலும் கலந்தது. மின்சாரம் இரண்டுக்குமே ஆகாது. எனவே 2 × 2 = 4 மடங்கு அடி. இந்த 4 மடங்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

பல்லிகள் விளையாடிய விளையாட்டு

"இதெல்லாம் கேம்ல மட்டும்தான மாமா?" என்று கேட்டாள் தங்கச்சிக்காரி. நல்ல கேள்வி.

அந்த 1996-ஆம் ஆண்டிலேயே பாரி சினர்வோ, கர்டிஸ் லைவ்லி என்ற இரு அறிவியலாளர்கள் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் வாழும் ஒரு சிறிய பல்லி இனத்தைப் பற்றியது. அதன் ஆண்களில் மூன்று வகை: தொண்டை ஆரஞ்சாக இருப்பவை, நீலமாக இருப்பவை, மஞ்சளாக இருப்பவை.

ஆரஞ்சு முரட்டுப் பேர்வழி. பெரிய இடத்தை வளைத்துக்கொள்ளும், நீலத்தை அடித்து விரட்டும். ஆனால் இடம் பெரிதாக இருப்பதால் எல்லா மூலையையும் அதனால் காவல் காக்க முடியாது. மஞ்சள் பார்ப்பதற்குப் பெண் பல்லி மாதிரியே இருக்கும். சத்தமில்லாமல் ஆரஞ்சின் இடத்துக்குள் நுழைந்துவிடும். நீலமோ சின்ன இடத்தை வைத்துக்கொண்டு தன் இணையைக் கண்ணும் கருத்துமாகக் காக்கும். மஞ்சளின் வேஷம் அங்கே செல்லாது.

ஆரஞ்சு நீலத்தை வெல்லும், நீலம் மஞ்சளை வெல்லும், மஞ்சள் ஆரஞ்சை வெல்லும். அதே வட்டம்! ஆண்டுக்கு ஆண்டு ஒரு நிறம் பெருகும், பிறகு அதை வெல்லும் நிறம் பெருகும். மூன்றில் எதுவும் அழிந்துபோகவில்லை. ஒன்றை ஒன்று அடக்கி வைப்பதால்தான் மூன்றும் வாழ்கின்றன.

ஒரே நேரத்தில் நீட்டும் கை

சதுரங்கத்தில் நான் நகர்த்துவதைப் பார்த்துவிட்டு நீங்கள் நகர்த்துவீர்கள். போக்கிமானில் அப்படி இல்லை. இருவரும் ரகசியமாகக் கட்டளையைக் கொடுக்க, இரண்டும் ஒரே சுற்றில் நடக்கும். 'கல், காகிதம், கத்தரி' விளையாட்டில் இருவரும் ஒன்றாகக் கையை நீட்டுவது போல.

அக்கா மகனிடம் கல், காகிதம், கத்தரி விளையாடினேன். அவன் மூன்று முறை தொடர்ந்து கல்லே வைத்தான். நான்காவது முறை நான் காகிதம் வைத்தேன். "எப்படி மாமா கண்டுபிடிச்சீங்க?" என்றான். பழக்கம்தான் அவனைக் காட்டிக் கொடுத்தது. மூன்றையும் மூன்றில் ஒரு பங்கு வீதம் ஒழுங்கில்லாமல் கலந்து வைத்தால், எதிரே யார் இருந்தாலும் உங்களை ஊகித்து ஜெயிக்க முடியாது. ஒருவர் பெறுவது இன்னொருவர் இழப்பதாக உள்ள இருவர் ஆட்டங்களுக்கு இப்படி ஒரு சரியான கலவை உண்டு என்று 1928-ல் ஜான் வான் நாய்மன் என்ற கணித மேதை நிறுவினார்.

உலகப் போட்டிகளில் ஒவ்வொருவரும் 6 உயிரினங்களைக் கொண்டுவருவார்கள். எதிராளி எவற்றைக் கொண்டுவந்திருக்கிறார் என்று பார்த்துவிட்டு, அந்த 6-ல் 4-ஐத் தேர்ந்தெடுப்பார்கள். அதற்கு 15 வழிகள். அந்த 4-ல் முதலில் களமிறங்கும் 2-ஐத் தேர்ந்தெடுக்க 6 வழிகள். ஆக, 15 × 6 = 90. எதிராளிக்கும் 90. ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே 90 × 90 = 8,100 விதமான தொடக்கங்கள்! எல்லா உயிரினங்களும் 50-ஆம் லெவலுக்குச் சமப்படுத்தப்படுகின்றன. அதிக நேரம் விளையாடி அதிக லெவல் ஏற்றியவருக்குச் சலுகை இல்லை. மல்யுத்தத்தில் எடைப் பிரிவு இருப்பது போல இதுவும் ஒரு நியாயம்.

அடியைத் தாங்கிக்கொண்ட அணில்

குற்றாலம் பேரருவியில் குளித்தவர்களுக்குப் பொங்குமாங்கடல் தெரியும். உச்சியிலிருந்து விழும் தண்ணீர் நேராக நம் தலைமேல் விழுவதில்லை. நடுவில் பாறையில் உள்ள ஆழமான குழியில் விழுகிறது. அங்கே பொங்கிச் சுழன்று வேகம் குறைந்த பிறகுதான் கீழே வருகிறது. அந்தக் குழிக்குத்தான் பொங்குமாங்கடல் என்று பெயர். அது அடியைத் தாங்கிக்கொள்வதால்தான் நாம் அருவிக்கு அடியில் தலையைக் கொடுத்து நிற்க முடிகிறது.

போக்கிமானிலும் இப்படி அடியைத் தாங்கிக்கொண்ட ஒன்று உண்டு. 2014 ஆகஸ்ட், அமெரிக்காவின் வாஷிங்டன் நகரம். போக்கிமான் உலகப் போட்டி. தென் கொரியாவின் சேஜுன் பார்க் தன் அணியில் பச்சிரிசுவைச் சேர்த்திருந்தார். பெயரைக் கேட்டதும் பச்சரிசி நினைவு வருகிறதா? ஜப்பான் மொழியில் 'ரிசு' என்றால் அணில். வெள்ளையும் நீலமுமாக ஒரு சின்ன மின்சார அணில். அதன் அடியில் வலு இல்லை. அதுவரை பெரிய போட்டிகளில் யாரும் அதைப் பெரிதாகச் சீந்தியதில்லை.

பார்க்கின் அணியில் கியாரடோஸ் இருந்தது. மின்சாரம் பட்டால் 4 மடங்கு அடி வாங்குமே, அதேதான். பக்கத்தில் பச்சிரிசுவை நிறுத்தினார். எதிரிகளின் அடிகளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் வித்தை பச்சிரிசுவுக்குத் தெரியும். அதுமட்டுமல்ல, மின்சார அடி பட்டால் அதற்கு வலிக்காது. அந்த மின்சாரத்தை உறிஞ்சி இன்னும் தெம்பாகிவிடும். கியாரடோஸை வீழ்த்த வந்த மின்னல் எல்லாம் அணிலுக்கு உணவாகும். பாம்பு பத்திரமாக நின்று தாக்கும். இறுதிப் போட்டியில் அமெரிக்காவின் ஜூடி அசரெல்லியை வென்று பார்க் உலகச் சாம்பியன் ஆனார். உலகமே அந்த அணிலைப் பார்த்தது.

பச்சிரிசுவைத் தனியாக எடைபோட்டால் பலவீனம். கியாரடோஸுக்குப் பக்கத்தில் வைத்து எடைபோட்டால் அதுவே பொங்குமாங்கடல்.

நம் ஊர் ஆட்டத்திலேயே இதற்கு உதாரணம் உண்டு. கோயில் மண்டபத் தரைகளில் கல்லில் கீறிய கட்டங்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் ஆடும் ஆடு புலி ஆட்டத்தில் 3 புலி, 15 ஆடு. புலி ஆட்டைத் தாண்டி வெட்டும். ஆட்டால் எந்தப் புலியையும் வெட்ட முடியாது, வழிமறித்து நிற்க மட்டுமே முடியும். ஆனாலும் ஆடுகள் ஒன்றுக்கொன்று துணையாக நின்றால் புலி அசைய இடமில்லாமல் அடைபட்டுப் போகும்.

போட்டியும் ஒரு தராசு

"சரி மாமா, யாரு நல்ல ஆட்டக்காரர்னு எப்படிக் கண்டுபிடிப்பாங்க?" என்றான் மருமகன்.

தோற்றவர் வெளியேறும் 'நாக் அவுட்' முறை நமக்குப் பழக்கம். 64 பேர் என்றால் 6 சுற்று, 63 ஆட்டம். ஒரு ஆட்டத்துக்கு ஒருவர் வெளியேறுகிறார், 63 பேர் வெளியேறினால் ஒருவர் மிச்சம். கணக்கு அழகு. ஆனால் தராசு சரியில்லை. 10 ஆட்டத்தில் 7 ஜெயிக்கும் கெட்டிக்காரர் தொடர்ந்து 6 முறை ஜெயிக்க வேண்டும். 0.7-ஐ ஆறு முறை பெருக்கிப் பாருங்கள். சுமார் 0.12 வரும். நூற்றில் 12 வாய்ப்புதான்!

ஒவ்வொரு சுற்றிலும் ஒரே ஆட்டம் வைக்காமல், மூன்றில் இரண்டு ஜெயித்தால் வெற்றி என்று வைத்தால், அவர் ஒரு சுற்றை வெல்லும் வாய்ப்பு 70-லிருந்து 78 ஆக உயர்கிறது. கோப்பைக்கான வாய்ப்பு 23 ஆகிறது, ஏறத்தாழ இரட்டிப்பு. பெரிய போக்கிமான் போட்டிகளில் மூன்றுக்கு இரண்டு என்று வைப்பது இதனால்தான்.

எல்லோரும் எல்லோருடனும் ஆடினால் இன்னும் நியாயம். ஆனால் 64 பேருக்கு 2,016 ஆட்டம் வேண்டும்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு. 1895-ல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் நடந்த சதுரங்கப் போட்டியில் பயன்பட்டதால் அதற்கு 'சுவிஸ் முறை' என்று பெயர். இதில் யாரும் வெளியேறுவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் உங்கள் அளவு வெற்றி பெற்றவரோடு உங்களைச் சேர்ப்பார்கள். ஜெயிக்க ஜெயிக்க எதிராளி கடினமாவார். தோற்றால் உங்களுக்கு ஏற்ற எதிராளி வருவார்.

இது நம் ஊரிலேயே நடந்திருக்கிறது. 2022-ல் மாமல்லபுரத்தில் நடந்த 44-ஆவது செஸ் ஒலிம்பியாட் சுவிஸ் முறைதான். பொதுப் பிரிவில் மட்டும் 188 அணிகள். எல்லோரும் எல்லோருடனும் ஆடியிருந்தால் 187 சுற்று. நாளுக்கு ஒன்று வைத்தால் அரை வருடம் ஆகும். அங்கே 11 சுற்றில் முடிந்தது, தோற்றதற்காக எந்த அணியும் பாதியில் மூட்டை கட்ட வேண்டியிருக்கவில்லை. போக்கிமான் உலகப் போட்டிகளும் முதலில் சுவிஸ் சுற்றுகளை நடத்தி, அதில் முன்னிலை பெறுபவர்களை மட்டும் நாக் அவுட்டுக்கு அனுப்புகின்றன.

திண்ணையில் ஒரு சுவிஸ் போட்டி

சாயங்காலம் தெருப் பிள்ளைகள் வந்து சேர, 8 பேர் ஆனார்கள். திண்ணையிலேயே போட்டி வைத்தோம். நீங்களும் செய்து பாருங்கள். கார்டு இல்லையா? பல்லாங்குழியோ ஆடு புலியோ போதும். சமநிலை வந்தால் இன்னொரு முறை ஆடுங்கள்.

முதல் சுற்று, சீட்டுக் குலுக்கி 4 ஜோடி. இரண்டாம் சுற்றில் ஜெயித்த 4 பேரும் தங்களுக்குள், தோற்ற 4 பேரும் தங்களுக்குள். மூன்றாம் சுற்றில் 2 வெற்றிக்காரர்கள் இருவரும் மோதட்டும். ஒரு வெற்றிக்காரர்கள் 4 பேர் தங்களுக்குள், வெற்றியே இல்லாத இருவர் தங்களுக்குள். மொத்தம் 12 ஆட்டம். முடிவில் எண்ணிப் பாருங்கள்: 3 வெற்றி பெற்றவர் 1, 2 வெற்றி 3 பேர், 1 வெற்றி 3 பேர், வெற்றி இல்லாதவர் 1. எங்கே, யார் ஆடினாலும் இந்த 1, 3, 3, 1 மாறாது. ஏன் என்று யோசியுங்கள்.

எங்கள் போட்டியில் முதல் ஆட்டத்தில் தோற்றுக் கண் கலங்கிய பிள்ளை அடுத்த இரண்டிலும் ஜெயித்தாள். நாக் அவுட் வைத்திருந்தால் அவள் ஆட்டத்தை நாங்கள் பார்த்தே இருக்க மாட்டோம்.

உங்கள் தெருவில் போட்டி வைக்கும்போது இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்: தோற்றவருக்கும் அடுத்த ஆட்டம் உண்டு.